எரிந்த தெருவிலிருந்து பாலைவனம் வரை

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பொருள் எப்போது குப்பையாகிறது? நேற்று வரை வீட்டில் இருந்த மிதிவண்டி, சக்கரம் வளைந்ததும் கொல்லைப் பக்கம் போகிறது. சில மாதங்கள் கழித்துக் குப்பை லாரியில் ஏறிவிடுகிறது. அதிலிருந்த இரும்பு அப்படியேதான் இருக்கிறது. அதைச் செய்த தொழிலாளியின் உழைப்பும் அதிலேதான் இருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்றுதான். "இனி இது எதற்கும் பயன்படாது" என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுதான் பொருளைக் குப்பையாக்குகிறது.

இந்த முடிவை மனிதன் பொருள்கள் மீது மட்டுமா சுமத்துகிறான்? சக மனிதர்கள் மீதும் சுமத்துகிறான். 'இந்தப் பிள்ளை படிக்காது', 'இந்த வட்டாரம் உருப்படாது', 'இந்த இனத்தார் இவ்வளவுதான்' என்று எத்தனை முடிவுகள்! இந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, அதற்குத் தம் கைகளாலேயே பதில் சொன்ன ஒரு கலைஞரைப் பற்றியதே இன்றைய உரை. அவர் பெயர் நோவா பியூரிஃபோய். அமெரிக்கக் கருப்பினக் கலைஞர். கண்டெடுத்த பொருள்களை ஒன்றிணைத்துக் கலைப் படைப்புகளை உருவாக்கியவர்.

நாற்பதை நெருங்கும்போது ஓவியப் பள்ளி

பியூரிஃபோய் 1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், ஸ்னோ ஹில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் அங்கே வெள்ளையருக்கும் கருப்பருக்கும் எல்லாமே தனித்தனி. பள்ளி தனி, பேருந்து இருக்கை தனி, தண்ணீர் குடிக்கும் குழாய்கூடத் தனி. சட்டமே அப்படித்தான் இருந்தது. கருப்பருக்கு ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் தரம் குறைந்தவையாகவே இருந்தன.

அந்தச் சூழலில் வளர்ந்தவர், 1939இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பள்ளியில் மாணவர்களுக்குத் தச்சு போன்ற கைத்தொழில் பாடங்களைக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் சேவை புரிந்தார். போர் முடிந்த பிறகு 1948இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணித் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே ஷுனார்ட் கலைக் கல்விக்கழகத்தில் சேர்ந்து, 1956இல் நுண்கலைப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. அந்தக் கல்விக்கழகத்தில் முழுநேர மாணவராகச் சேர்ந்த முதல் கருப்பினத்தவர் அவரே என்று பதிவாகியுள்ளது. படித்து முடித்ததும் அவர் உடனே கலைஞராகிவிடவில்லை. மரச்சாமான் வடிவமைப்பு, கடைகளின் கண்ணாடி முகப்பை அலங்கரிப்பது என்று வயிற்றுப்பாட்டுக்கான வேலைகளைச் செய்துவந்தார்.

ஆசிரியர், தச்சர், சமூகப் பணியாளர், கலைஞர் ஆகிய நால்வரும் அவருக்குள் ஒரே நேரத்தில் இருந்தார்கள். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொன்றிலும் இந்த நால்வரையும் காணலாம்.

அசெம்ப்ளேஜ் என்றால் என்ன?

ஓவியர் வண்ணத்தை வாங்குகிறார். சிற்பி கல்லையோ மரத்தையோ தேர்ந்தெடுக்கிறார். வேறொரு காரியத்துக்காகச் செய்யப்பட்டு, பயன்பட்டு, கழித்துப் போடப்பட்ட பொருள்களை எடுத்து, அவற்றை இணைத்துப் புதிய வடிவம் கொடுப்பதை மேலைநாட்டுக் கலையுலகில் 'அசெம்ப்ளேஜ்' என்பார்கள். தமிழில் இணைப்புக் கலை எனலாம்.

1913இல் மார்செல் டூஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு மிதிவண்டிச் சக்கரத்தை எடுத்து முக்காலியின்மேல் பொருத்தினார். 1917இல், அதாவது பியூரிஃபோய் பிறந்த அதே ஆண்டில், ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டி ஒன்றை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிக் கலையுலகையே திகைக்க வைத்தார். ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த பயணச்சீட்டுகளையும் மரத்துண்டுகளையும் ஒட்டிப் படம் செய்தார். 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகம் இந்த வகைக் கலைக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது.

ஆக, இந்த வழியைப் பியூரிஃபோய் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் டூஷாம் எழுப்பிய கேள்வி, கலை என்றால் என்ன என்பது. பியூரிஃபோய் அதற்கு அப்பால் போய், இந்தக் கலை யாருக்கு உதவும் என்று கேட்டார்.

கோபுரங்களுக்கு அருகே ஒரு கலை மையம்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் வாட்ஸ் என்னும் வட்டாரம் இருக்கிறது. 1960களில் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கருப்பின ஏழை மக்கள். அந்த வட்டாரத்தில் சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி, ஒரு சாதாரணக் கட்டடத் தொழிலாளி, 1921 முதல் 1954 வரை 33 ஆண்டுகள் தனியொருவராக உழைத்துச் சில கோபுரங்களை எழுப்பியிருந்தார். இரும்புக் கம்பிகளைக் கட்டி, சிமெண்டு பூசி, அதில் உடைந்த ஓடுகளையும் போத்தல் துண்டுகளையும் கிளிஞ்சல்களையும் பதித்தார். மிக உயரமான கோபுரம் சுமார் 30 மீட்டர்.

ரோடியா ஊரைவிட்டுப் போன பிறகு, கோபுரங்கள் ஆபத்தானவை, இடித்துவிட வேண்டும் என்று நகர நிர்வாகம் முடிவு செய்தது. கலை ஆர்வலர்கள் போராடினார்கள். 1959இல் பலச் சோதனை நடந்தது. சுமார் 4,500 கிலோ விசையில் கோபுரத்தை இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த கருவிதான் வளைந்தது, கோபுரம் அசையவில்லை. இன்றும் அவை நிற்கின்றன.

அந்தக் கோபுரங்களுக்கு அருகே 1964இல் வாட்ஸ் டவர்ஸ் கலை மையம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் அதன் முதல் இயக்குநரும் பியூரிஃபோய்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வந்து வண்ணம் தீட்டவும் களிமண் பிசையவும் கற்றுக்கொண்டார்கள்.

ஆறு நாள் தீ

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மாலை. நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒரு கருப்பின இளைஞரின் காரை நிறுத்தினார்கள். வாக்குவாதம் கைகலப்பானது, கூட்டம் கூடியது. ஆண்டுக்கணக்கில் வேலையின்மையும் மோசமான வீட்டு வசதியும் காவல்துறையின் கெடுபிடியும் சேர்ந்து குமுறிக்கொண்டிருந்த ஆத்திரம் அன்று வெடித்தது. ஆறு நாள்கள் வாட்ஸ் எரிந்தது. 34 பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் கட்டடங்கள் சேதமடைந்தன அல்லது அழிந்தன. நான்கு கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டார்கள்.

தீ அடங்கிய தெருக்களில் எங்கு பார்த்தாலும் கரிந்த மரம், உருகிய கண்ணாடி, நெளிந்த தகரம். கடைகளின் நியான் விளம்பரப் பலகைகள் வெப்பத்தில் உருகிச் சொட்டி, மண்ணோடும் உலோகத்தோடும் கலந்து உறைந்து கிடந்தன. சாம்பலுக்கு நடுவே அவை மணிகளைப் போல் மின்னின.

பியூரிஃபோயும் அவருடைய சக கலைஞர் ஜட்சன் பவலும் அந்த இடிபாடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். சேர்த்தது மூன்று டன். அவற்றை என்ன செய்யப் போகிறோம் என்பது முதலில் அவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. பிறகு வேறு சில கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தச் சிதிலங்களிலிருந்தே படைப்புகளை உருவாக்கினார்கள். 1966இல் வாட்ஸ் வட்டாரத்தின் ஒரு பள்ளியில் நடந்த கலைவிழாவில் அவை மக்கள் பார்வைக்கு வந்தன. '66 சைன்ஸ் ஆஃப் நியான்' என்று அந்தக் கண்காட்சிக்குப் பெயர். பின்னர் 1969 வரை பல பல்கலைக்கழகங்களுக்கு அது பயணம் செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படைப்புகளில் பல, பார்த்தவுடன் இன்னது என்று சொல்லிவிட முடியாத அருவ வடிவங்கள். எரியும் வீட்டின் படமோ அழும் தாயின் முகமோ அவற்றில் இல்லை. கருகிய பலகையும் நசுங்கிய தகரமும் கண்ணாடியும் தம் இடம் அறிந்து பொருந்தி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் வாட்ஸ் மக்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்குமா? அது அவர்கள் தெருவில் கிடந்த பலகை. துயரத்தின் படத்துக்குப் பதிலாக, துயரம் நடந்த இடத்தின் துண்டையே கொண்டுவந்து முன்னால் வைத்தார் பியூரிஃபோய்.

அதைவிட முக்கியமாக, படைப்பைக் காட்டிலும் படைக்கும் செயலே பெரிது என்பது அவர் கொள்கை. உடைந்து கிடக்கும் ஒன்றை எடுத்து, 'இதை வைத்து என்ன செய்யலாம்?' என்று கேட்கப் பழகிய பிள்ளை, தன் வாழ்க்கையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கும் என்று அவர் நம்பினார். சமூகப் பணியாளராகப் படித்தவர் அல்லவா!

அந்த 66இல் பெரும்பாலானவை இன்று இல்லை. தொலைந்தும் அழிந்தும் போயின. குப்பையிலிருந்து வந்தவை மீண்டும் குப்பைக்கே போய்விட்டன.

கலையை ஒதுக்கிவைத்த ஆண்டுகள்

ஒரு கண்காட்சியால் வாட்ஸ் மக்களுக்கு வேலை கிடைத்துவிடவில்லை, வீடும் கிடைத்துவிடவில்லை. இதைப் பியூரிஃபோய் அறிந்தே இருந்தார். 1970களில் படைப்பு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சமூகப் பணிக்குத் திரும்பினார். 1976 முதல் 1987 வரை கலிஃபோர்னியா மாநிலக் கலை மன்றத்தின் உறுப்பினராக இருந்தார். சிறைச்சாலைகளுக்கும் மற்றச் சமூக நிலையங்களுக்கும் கலைஞர்களை அனுப்பும் திட்டங்களுக்கு ஊக்கம் கொடுத்தார்.

பெயர் பெற்ற ஒருவர் அந்தப் பெயரைக் கட்டிக்காக்காமல், கூட்டங்களிலும் கோப்புகளிலும் 11 ஆண்டுகளைச் செலவிடுவது எளிதல்ல. கலை மக்களுக்கு உதவ வேண்டும் என்று மேடையில் சொல்பவர்கள் உண்டு. சொன்னபடி நடக்கத் தம் கலையையே ஒதுக்கிவைப்பவர்கள் எத்தனை பேர்?

பாலைவனத்தில் பதினைந்து ஆண்டுகள்

1989இல் அவர் கலை மன்றப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். வயது 72. பெரிய அளவில் படைப்புகள் செய்ய ஆசை. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வாடகைக்கு அது கட்டுபடியாகாது. நண்பர் ஒருவரின் உதவியால், நகருக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜோஷுவா ட்ரீ என்ற பாலைவன ஊருக்குப் போனார். அங்கே ஒரு சிறு வண்டி வீட்டில் தங்கி, திறந்த வெளியில் வேலையைத் தொடங்கினார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் தொடங்கி 15 ஆண்டுகள் உழைத்தார். சுமார் பத்து ஏக்கர் நிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட படைப்புகள் எழுந்தன.

அவற்றுள் சில இங்கே. தூசி உறிஞ்சும் பழைய இயந்திரங்களையும் மிதிவண்டிச் சக்கரங்களையும் வைத்துத் தண்டவாளத்தில் ஒரு இரயில். மரக் கூடாரத்தின் உச்சியில் ஏற்றி நிறுத்திய மிதிவண்டிகள். 65 அலுமினியச் சாப்பாட்டுத் தட்டுகளை வரிசையாக அடுக்கிய ஒரு படைப்பு. வெயிலில் அது பளபளக்கும், மேகம் வந்தால் மங்கும். தீயில் எரிந்துபோன அண்டை வீட்டின் மரத்தைக்கொண்டு கட்டிய ஒரு குடிசையும் உண்டு. வாட்ஸில் தொடங்கிய வழக்கத்தை அவர் விடவில்லை.

2000ஆம் ஆண்டில் செய்த ஒன்று பார்ப்பவர்களை நிறுத்திவிடும். அருகருகே இரண்டு. ஒன்று தண்ணீர் குடிக்கும் குழாய், அதன்மேல் 'வெள்ளையர்' என்று எழுதியிருக்கும். மற்றொன்றின்மேல் 'கருப்பர்' என்று எழுதியிருக்கும். அங்கே இருப்பது கழிப்பறைப் பீங்கான். அலபாமாவில் சிறுவனாகக் கண்டதை எண்பது வயதைத் தாண்டிய முதியவர் மறக்கவில்லை. நீண்ட சொற்பொழிவு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இயற்கை என்னும் கூட்டாளி

பாலைவனம் கலைப் பொருள்களுக்கு ஏற்ற இடமா? கோடையில் வெப்பம் 38 பாகையைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். குளிர்கால இரவுகளில் நீர் உறையும். மணலை வாரி வீசும் காற்று. ஓயாத வெயில். மரம் வெடிக்கிறது. துணி நைந்து நூலாகிறது. வண்ணம் வெளுக்கிறது. பிளாஸ்டிக் நொறுங்குகிறது. இரும்பு மட்டும் மெதுவாகச் செந்நிறம் கொள்கிறது.

அரும்பொருளகங்கள் இவற்றுக்கெல்லாம் அஞ்சித்தான் குளிர்சாதனமும் கண்ணாடிப் பேழையும் வைத்திருக்கின்றன. பியூரிஃபோயோ வெயிலையும் காற்றையும் தம் வேலையின் பங்காளிகளாக ஏற்றுக்கொண்டார். தாம் தொடங்கியதை இயற்கை தொடரட்டும் என்பது அவர் எண்ணம். ஒரு படைப்பு முடிந்துவிட்டது என்று அவர் கையெடுத்த அன்றே காற்று தன் கையை வைத்துவிடுகிறது. இன்று பார்த்தது அடுத்த ஆண்டு அப்படியே இருக்காது.

குப்பை என்ற சொல்லின் பொருளே இங்கே மாறிவிடுகிறது. மனிதன் பயன்படுத்தியதும் தூக்கி எறிகிறான். இயற்கை எதையும் தூக்கி எறிவதில்லை. எடுத்துக்கொள்கிறது, மாற்றுகிறது, மண்ணாக்குகிறது.

காப்பதா, விடுவதா?

2004ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், தம் இருப்பிடத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் பியூரிஃபோய் காலமானார். வயது 86. தீயின் மிச்சத்திலிருந்து பெயர் பெற்றவரின் உயிரைத் தீயே எடுத்துக்கொண்டது.

அவர் இருந்தவரை பிரச்சினை இல்லை. சாய்ந்ததை நிமிர்த்துவதா, விட்டுவிடுவதா என்று அவரே முடிவெடுக்கலாம். அவருக்குப் பிறகு? 1990களின் இறுதியில் அமைக்கப்பட்ட அவர் பெயரிலான அறக்கட்டளை அந்த நிலத்தைப் பராமரித்து வருகிறது. காலை வெளிச்சம் முதல் மாலை வரை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் பராமரிப்பு என்றால் என்ன? உளுத்த பலகைக்குப் பதில் புதிய பலகை வைத்தால் அது பியூரிஃபோயின் படைப்பா? வைக்காமல் விட்டால், இன்னும் சில பத்தாண்டுகளில் நம் பேரப்பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அரும்பொருளகம் அவருக்காகப் பெரிய கண்காட்சி நடத்தியது. பாலைவனத்திலிருந்து சில பெரும் படைப்புகளைப் பெயர்த்தெடுத்து நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதனால் மாபெரும் கூட்டத்துக்கு அவர் அறிமுகமானார். ஆனால் காற்று வீசாத கூடத்தில் வைத்தபோது, அவர் சேர்த்துக்கொண்ட பங்காளி அங்கே இல்லையே என்று கேட்பவர்களும் இருக்கலாம்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. கருப்பினக் கலைஞர்களின் படைப்புகளை நெடுங்காலம் யாரும் பாதுகாக்கவில்லை. வாட்ஸ் தீயிலிருந்து பிறந்த அந்த 66இன் கதி என்னவாயிற்று என்று மேலே கண்டோம். 'அழிந்தால் அழியட்டும், அதுதான் அவர் விருப்பம்' என்று எளிதாகச் சொல்லிவிட்டால், அலட்சியத்துக்கு நல்ல பெயர் சூட்டியதாகிவிடும். அதே வேளையில், ஒவ்வொரு துருவையும் சுரண்டிப் புதுப்பித்தால் அவர் சொல்லவந்ததே மறைந்துபோகும்.

தாயும் தந்தையும் முதுமை அடைகிறார்கள் என்பதற்காக அவர்களை யாரும் கைவிடுவதில்லை. முதுமையை நிறுத்திவைக்கவும் யாராலும் முடியாது. விழாமல் தாங்கிப் பிடிக்கிறோம், நரைத்த முடியை நரைத்தபடியே விடுகிறோம். பியூரிஃபோயின் படைப்புகளுக்கும் இந்த வழியே பொருந்தும். விழுவதைத் தடுப்பது கடமை. வயதை மறைக்க வேண்டியதில்லை.

நேயர்களே, அடுத்த முறை வீட்டில் ஒரு பொருள் உடையும்போது, அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் பிள்ளையின் கையில் கொடுத்து, 'இதை வைத்து என்ன செய்யலாம்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை செய்து காட்டுவது கோணலாக இருக்கலாம், இரண்டே நாளில் சரிந்தும் விழலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. எதையும், எவரையும் அவசரப்பட்டுக் கழித்துவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கும். வாட்ஸின் சாம்பலில் குனிந்து பொறுக்கியபோது பியூரிஃபோய் கற்பிக்க விரும்பியதும் அதுவே.